விலங்கு மருத்துவத் தாதியும் மேல்சிகிச்சைப் பணியும்



தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரெசர் ஐயாவை நினைவிருக்கும். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர் அவர். பால் வெட்டும் கத்தி கையில் பட்டுவிட்டால் கட்டுப் போடுபவர் அவர். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர் அவர். எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யாருக்கு இனிப்புநீர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நோய் தம் கைக்கு மிஞ்சியது என்று கண்டால் ஒரு சீட்டு எழுதி, நோயாளியைத் தோட்டத்து வண்டியில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கே நெஞ்சுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று பலர் இருப்பார்கள்.

மனிதர்களுக்கு உள்ள இந்த ஏற்பாடு இன்று நாய்க்கும் பூனைக்கும் உண்டு. பல நாடுகளில் அது வளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் நன்கு வேரூன்றியிருக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் விலங்கு மருத்துவக் கிளினிக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, நிபுணர்கள் பணிபுரியும் மேல்சிகிச்சை மருத்துவமனைகள் இருக்கின்றன. ஊர்க் கிளினிக்கில் வேலை பழகிய ஒரு தாதி, அந்தப் பெரிய மருத்துவமனைக்கு மாறிச் செல்லும்போது என்ன நேர்கிறது? அவர் எதை இழக்கிறார், எதைப் பெறுகிறார், எதைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது? இன்றைய பேச்சில் இதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

இந்தப் பொருளை நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்த ஒரு பெண், திருமணமாகி பிரிட்டன் சென்றார். அங்கே ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து, பயின்று, தேர்வெழுதி, விலங்கு மருத்துவத் தாதியாகப் பதிவு பெற்றார். ஒன்பது ஆண்டுகள் அந்தக் கிளினிக்கிலேயே இருந்தார். பிறகு மேல்சிகிச்சை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "டீச்சர், ஒன்பது வருஷம் எல்லாம் தெரிந்தவளாக இருந்தேன். இங்கே வந்து ஒன்றும் தெரியாதவளாக நிற்கிறேன். திரும்பிப் போய்விடட்டுமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக நாங்கள் தேடிப் படித்ததும், அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பேச்சு.

முதலில், விலங்கு மருத்துவத் தாதி என்னும் தொழில் எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். விலங்கு மருத்துவக் கல்வி பிரிட்டனில் பழமையானது. லண்டனில் விலங்கு மருத்துவக் கல்லூரி 1791-ஆம் ஆண்டிலும், எடின்பரோவில் வில்லியம் டிக் என்பாரின் பள்ளி 1823-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. ஆனால், தாதியருக்கென்று முறையான பயிற்சித் திட்டம் 1961-ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்போதும் அவர்களுக்குத் தாதி என்ற பெயர் கிடைக்கவில்லை. 'நர்ஸ்' என்னும் சொல் மனிதரைப் பேணும் தாதியருக்கே உரியதாக இருந்தபடியால், 'விலங்குப் பராமரிப்புத் துணையாளர்' என்ற பொருள்படும் பெயரே வழங்கிற்று. அவர்களுக்கான சங்கம் 1965-இல் தோன்றியது. 1984-இல்தான் தாதி என்னும் பெயர் வந்தது. 1991-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், மருத்துவரின் கட்டளைப்படி சில சிகிச்சைகளையும் சிறு அறுவைகளையும் செய்ய அவர்களுக்கு உரிமை தந்தது. 2015-இல் வந்த புதிய அரச சாசனம் அவர்களது பதிவேட்டுக்கு உறுதியான நிலையைக் கொடுத்தது.

இந்த ஆண்டுகளை நாம் ஏன் சொல்கிறோம்? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்படியாக நடந்து, ஒரு கைவேலை ஒரு தொழிலாக மாறியிருக்கிறது. உரிமை வந்தபோது பொறுப்பும் கூடவே வந்தது. பதிவு பெற்ற தாதி ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 15 மணி நேரம் மேற்கொண்டு கற்றாகவேண்டும் என்பது இன்றைய விதி. பிழை செய்தால் மருத்துவரைப் போலவே அவரும் பதில் சொல்லவேண்டும்.

எல்லையும் உண்டு. நோய் இன்னதென்று முடிவு சொல்வது, மருந்து எழுதிக் கொடுப்பது, வயிற்றையோ நெஞ்சையோ திறந்து அறுவை செய்வது ஆகிய மூன்றும் மருத்துவருக்கே உரியவை. ஊர்க் கிளினிக்கிலும் இதே விதி, பெரிய மருத்துவமனையிலும் இதே விதி. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். மேல்சிகிச்சைப் பணிக்குப் போகும் தாதிக்குச் சட்டம் கூடுதலாக எதையும் தருவதில்லை. அப்படியானால் மாறுவது என்ன? அவருடைய கண்ணுக்கு முன்னால் கிடக்கும் நோயாளி மாறுகிறது. அதனோடு சேர்ந்து மற்றவை எல்லாம் மாறுகின்றன.

ஊர்க் கிளினிக்கில் ஒரு தாதியின் நாள் எப்படிப்பட்டது என்று பாருங்கள். காலையில் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட உதவுகிறார். அடுத்து, கருத்தடை அறுவைக்கு வந்த பூனைக்கு மயக்கத்தின்போது துணையிருக்கிறார். இடையில் தொலைபேசியை எடுக்கிறார். மதியம் ஒரு கிழநாயின் பல்லைச் சுத்தம் செய்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறார். இரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக் கருவியில் வைக்கிறார். நகம் வெட்டுகிறார். மாலையில், பதினைந்து ஆண்டுகள் வளர்த்த நாயைக் கடைசியாகக் கொண்டுவந்த கிழவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நாயைக் குட்டியாக இருந்தபோதே அவருக்குத் தெரியும். எங்கள் டிரெசர் ஐயாவைப்போல, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர், எல்லாரையும் நன்றாகத் தெரிந்தவர்.

பெரிய மருத்துவமனையில் வேலை பகுக்கப்பட்டிருக்கிறது. மயக்க மருந்துப் பிரிவு ஒன்று. அறுவைக் கூடம் ஒன்று. படம் எடுக்கும் பிரிவு ஒன்று. படுக்கைப் பிரிவு ஒன்று. தீவிர கவனிப்புப் பிரிவு ஒன்று. சில இடங்களில் கண், இதயம், நரம்பு என்று தனித்தனிக் குழுக்களும் உண்டு. ஒரு தாதி இவற்றுள் ஒன்றிலேயே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருப்பார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது புதிதல்ல. சிறிய தோட்டத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியர் கணிதமும் தமிழும் அறிவியலும் உடற்கல்வியும் கற்பிப்பார். சில வேளைகளில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு கற்பிப்பார். இடைநிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் கணிதம் மட்டுமே கற்பிப்பார். இவர்களில் யார் உயர்ந்தவர் என்று கேட்பது சரியான கேள்வி ஆகாது. ஒருவருக்கு அகலம், மற்றவருக்கு ஆழம். அகலத்தை விட்டு ஆழத்துக்குப் போகிறவர், சில காலம் இரண்டும் இல்லாமல் நிற்கவேண்டியிருக்கும். எங்கள் மாணவி அன்று நின்றது அந்த இடத்தில்தான்.

இனி ஒரு நோயாளியைத் தொடர்ந்து சென்று, இந்த வேலையைக் கண்ணால் காண்போம். டாக்ஸ்ஹண்ட் என்று ஒரு நாய் இனம் உண்டு. உடல் நீளம், கால் குட்டை. இந்த இனத்து நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத் தன் வாழ்நாளில் முதுகெலும்பு நோய் வருகிறது. காரணம் இதுதான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. கால் குட்டையாகப் பிறக்கும் இனங்களில் அந்தத் தட்டுகள் இளம் வயதிலேயே ஈரம் வற்றிக் கெட்டியாகின்றன. ஒரு நாள், நாற்காலியிலிருந்து குதிக்கும்போதோ, சும்மா நடக்கும்போதோ, தட்டு வெடித்து உள்ளிருப்பது மேலே பீறிட்டுத் தண்டுவடத்தை அழுத்துகிறது. காலையில் ஓடிய நாய் மாலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

ஊர்க் கிளினிக்கின் மருத்துவர் பார்க்கிறார். வலிக்கு மருந்து கொடுக்கிறார். இது தம்மிடம் உள்ள வசதிக்கு மேற்பட்டது என்று கண்டு, நோயின் வரலாறு, பரிசோதனை முடிவுகள், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார். அந்தச் சீட்டைச் சரியாக எழுதித் தயார் செய்வதில் ஊர்க் கிளினிக் தாதிக்குப் பெரும் பங்கு உண்டு. கடைசியாக எப்போது வலிமருந்து கொடுத்தார்கள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்ற இரண்டு வரிகள் விட்டுப்போனால், அங்கே இருப்பவர்கள் இருட்டில் துழாவவேண்டியிருக்கும்.

பெரிய மருத்துவமனையில் நரம்பு நிபுணர் சோதிக்கிறார். கால்விரலை அழுத்திக் கிள்ளும்போது நாய்க்கு ஆழமான வலி தெரிகிறதா என்று பார்ப்பது முக்கியமான சோதனை. வலி தெரிந்தால், அறுவைக்குப் பின் பெரும்பாலான நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அறவே தெரியாவிட்டால், ஏறத்தாழப் பாதி நாய்களே நடக்கின்றன. எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நாயை மயக்கவேண்டும். படத்தில் இடம் தெரிந்ததும் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

இங்கே மயக்கப் பிரிவுத் தாதியைப் பாருங்கள். நாய் வெளிவிடும் மூச்சில் கரிவாயு எவ்வளவு என்று ஒரு கருவி காட்டுகிறது. அது பாதரச அளவில் 35 முதல் 45 வரை இருக்கவேண்டும். இரத்த அழுத்தத்தின் சராசரி 60-க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போதாது. உடம்புச் சூடு குறைந்துகொண்டே வரும், அதையும் காக்கவேண்டும். தாதி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தாளில் குறிக்கிறார். ஊர்க் கிளினிக்கிலும் இதைத்தான் செய்தார். ஆனால், அங்கே ஆரோக்கியமான இளம் பூனைக்கு அரை மணி நேரம் செய்தார். இங்கே முதுகு திறந்து கிடக்கும் நாய்க்கு மணிக்கணக்கில் செய்கிறார்.

அறுவை முடிந்தது. இனி நாய் படுக்கைப் பிரிவுத் தாதியின் கைக்கு வருகிறது. இதுதான் நெடிய வேலை. தானாகப் புரளமுடியாத நாயை நான்கு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும், நுரையீரல் கெடும். தானாகச் சிறுநீர் கழிக்கமுடியாது. வயிற்றைக் கையால் மெல்ல அழுத்தி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வெளியேற்றவேண்டும். தோல் ஈரமாகக் கிடந்தால் வெந்துபோகும், துடைத்து உலர்த்தவேண்டும். வயிற்றுக்கடியில் துணியைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, நான்கு அடி நடக்கவைக்கவேண்டும். நாய்க்கு வலிக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கமுடியாது அல்லவா? அதற்காக கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஓர் அளவுமுறை வகுத்திருக்கிறார்கள். நாய் முனகுகிறதா, புண்ணைத் திரும்பிப் பார்க்கிறதா, நக்குகிறதா, எழுந்து நடக்கும்போது தயங்குகிறதா, புண்ணைச் சுற்றித் தொட்டால் என்ன செய்கிறது என்று பார்த்து எண் கொடுப்பது அந்த முறை. 24-க்கு 6 வந்துவிட்டால் வலிமருந்து கொடுப்பதைப் பற்றி உடனே மருத்துவரிடம் பேசவேண்டும். கண்ணால் கண்டதை எண்ணாக்கிச் சொல்லும்போது, இரவுத் தாதி பார்த்ததைப் பகல் தாதி அப்படியே புரிந்துகொள்கிறார்.

நேயர்களே, இங்கே ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்ட விலங்கு மருத்துவமனைகள் சேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட விலங்குகளைக் கணக்கெடுத்தன. 98,036 நாய்கள், 79,178 பூனைகள். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தின் தொடர்பாக இறந்தது ஏறத்தாழ 1,850-க்கு ஒன்று. நோயுற்ற நாய்களில் 75-க்கு ஒன்று. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஊர்க் கிளினிக்கில் மயக்கத்துக்கு வருபவை பெரும்பாலும் முதல் வகை. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவற்றில் பல இரண்டாம் வகை. ஒரே மருந்து, ஒரே கருவி, ஒரே தாதி. ஆயினும் ஆபத்து இருபது மடங்குக்கு மேல்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு செய்தியும் இருந்தது. இந்த மரணங்களில் பெரும் பங்கு அறுவை மேசையில் நிகழவில்லை. நாய்களில் 47 சதவிகிதமும், பூனைகளில் 61 சதவிகிதமும் அறுவை முடிந்த பிறகு நிகழ்ந்தவை. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி, முதல் மூன்று மணி நேரத்துக்குள் நிகழ்ந்தவை. அதாவது, மருத்துவர் கத்தியைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, உரிமையாளருக்குத் தொலைபேசியில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் விலங்கின் பக்கத்தில் இருப்பவர் யார்? தாதி ஒருவரே. பூனைகளின் நாடித்துடிப்பை விடாமல் கவனித்துவந்த இடங்களில் ஆபத்து குறைந்திருந்தது என்றும் அந்த ஆராய்ச்சி காட்டிற்று. மேல்சிகிச்சைப் பணியின் சாரம் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. விலையுயர்ந்த கருவிகள் இருக்கலாம். கடைசியில், விழித்திருக்கும் ஒரு கண்ணே உயிரைக் காக்கிறது.

எங்கள் மாணவி இதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று இப்போது சொல்கிறோம்.

அவர் சேர்ந்த இரண்டாம் மாதம், காரில் அடிபட்ட ஒரு பூனை வந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து, குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. அறுவை நன்றாக முடிந்தது. இரவுப் பணியில் நம் மாணவி. தூங்கும் பூனை பொதுவாக நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாகவே மூச்சு விடும். இந்தப் பூனை முதலில் 28 விட்டது. பிறகு 36. பிறகு 44. வயிறு மூச்சோடு சேர்ந்து எக்கத் தொடங்கியது. ஊர்க் கிளினிக்கில் இருந்திருந்தால் அவர் அந்தக் கணமே மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார். இங்கே அவருக்குத் தயக்கம். "நான் புதியவள். இங்கே இப்படி இருப்பது வழக்கமோ என்னவோ. நிபுணரை எழுப்பி, ஒன்றுமில்லை என்றால் என்ன நினைப்பார்?" என்று எண்ணி, இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பத்து நிமிடம் போயிற்று. பிறகுதான் கூப்பிட்டார். நெஞ்சுக்குள் காற்று சேர்ந்து நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் ஊசியால் காற்றை இழுத்து வெளியேற்றினார். பூனை பிழைத்தது.

மருத்துவர் கடிந்து பேசவில்லை. "நீங்கள் பார்த்தது சரி. அடுத்த முறை பத்து நிமிடம் முன்னால் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொன்னாராம். "டீச்சர், அந்தப் பத்து நிமிடம் என்னைத் தூங்கவிடவில்லை" என்று எழுதியிருந்தார். திரும்பிப் போய்விடட்டுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது.

நேயர்களே, இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அன்று அவருக்கு அறிவு குறையவில்லை. பூனையின் மூச்சு சரியில்லை என்பதை அவர் கண் பார்த்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் ஊர்க் கிளினிக்கில் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான பூனைகளைப் பார்த்த கண் அது. ஆரோக்கியம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் ஆரோக்கியக் கேடு சட்டென்று தெரியும். அவருக்குக் குறைந்தது, புதிய இடத்தில் வாய் திறக்கும் துணிவு. பெரிய கட்டிடத்தையும் பெரிய பெயர்களையும் கண்டு, தம் கண்ணைத் தாமே நம்பாமல் போனார். எங்கள் வகுப்பறைகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். தோட்டத்துப் பள்ளியில் முதலாவதாகக் கை தூக்கிய பிள்ளை, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் விடை தெரிந்தும் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறது.

ஆகவே, ஊர்க் கிளினிக்கிலிருந்து மேல்சிகிச்சைப் பணிக்கு மாற நினைக்கும் தாதி என்ன செய்யலாம்? நான்கு வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, இருக்கும் இடத்திலேயே ஆழத்தைத் தொடங்கலாம். மயக்க மருந்தில் விருப்பம் என்றால், தம் கிளினிக்கில் நடக்கும் ஒவ்வொரு மயக்கத்தின் குறிப்பையும் எடுத்து வைத்துப் படிக்கவேண்டும். இரத்த அழுத்தம் ஏன் இறங்கிற்று, எப்போது ஏறிற்று என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். ஆண்டுக்கு 15 மணி நேரக் கல்வி என்ற விதியைக் கடமைக்காகக் கழிக்காமல், ஒரே துறையில் குவிக்கலாம்.

இரண்டாவது, போய்ப் பார்க்கலாம். தம் கிளினிக் நோயாளிகளை அனுப்பும் மேல்சிகிச்சை மருத்துவமனையில் ஓரிரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்கலாம். இரவுப் பணி, நீண்ட நேரம் நிற்றல், நோய் முற்றிய விலங்குகளையே நாள்தோறும் பார்த்தல் ஆகியவை தமக்கு ஒத்துவருமா என்பதைக் கண்ணால் கண்டபின் முடிவு செய்வது நலம்.

மூன்றாவது, மேற்படிப்பு. பிரிட்டனில் பதிவு பெற்ற தாதியருக்கு உயர்நிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. அமெரிக்காவில் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பர் என்று அழைக்கப்படுவோருக்கு, துறைவாரியாகச் சிறப்புப் பட்டம் உண்டு. அவசரச் சிகிச்சைக்கும் தீவிர கவனிப்புக்குமான அமைப்பு 1996-இல் அங்கே ஏற்பு பெற்று வழிகாட்டிற்று. இப்பட்டத்துக்குப் பல ஆண்டு அனுபவமும், தாம் கவனித்த நோயாளிகளின் விரிவான பதிவேடும், தேர்வும் தேவை. முதலில் வேலை, பிறகு பதிவேடு, பிறகு பட்டம் என்பதே அங்கே ஒழுங்கு.

நான்காவது, மீண்டும் மாணவராக இருக்க மனத்தைத் தயார் செய்துகொள்ளவேண்டும். இதுவே கடினமானது. நேற்றுவரை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், இன்று தம்மைவிடப் பத்து வயது இளையவரிடம், "இந்தக் கருவியை எப்படித் திறப்பது?" என்று கேட்கவேண்டும். கேட்பவர் கூச்சப்படாமல் கேட்டால் ஒரு வாரத்தில் கற்பார். கூச்சப்பட்டு மறைத்தால், ஓர் இரவில் ஒரு நோயாளி அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

இழப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேல்சிகிச்சைப் பணியில் குட்டியாக வந்து கிழமாகும்வரை தெரிந்த நாய் இல்லை. நோயாளி வரும், சில நாள் இருக்கும், குணமானால் தன் ஊர்க் கிளினிக்குக்குத் திரும்பிப் போகும். பிறகு என்ன ஆயிற்று என்பது பல நேரங்களில் தெரியாது. சாவும் அங்கே அதிகம் கண்ணில் படும். வரும் உரிமையாளர்கள் ஏற்கெனவே அலைந்து, பணம் செலவழித்து, கடைசி நம்பிக்கையோடு வருகிறார்கள். அவர்களிடம் பேசும் முறை வேறு. இவற்றைத் தாங்கமுடியாமல் ஊர்க் கிளினிக்குக்கே திரும்பும் நல்ல தாதியரும் உண்டு. அதில் தோல்வி ஏதுமில்லை. டிரெசர் ஐயா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தோட்டத்திலேயே இருந்ததால் எத்தனை உயிர் பிழைத்தது என்று நமக்குத் தெரியும்.

நம் பக்கத்திலும் இத்துறைக்கு வாயில்கள் இருக்கின்றன. மலேசியாவில் விலங்கு மருத்துவப் பட்டப்படிப்புக்கான புலம், இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கியது. விலங்கு மருத்துவர்களுக்கான சட்டம் 1974-இல் வந்தது. செர்டாங்கில் உள்ள அப்பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பிற கிளினிக்குகளிலிருந்து கடினமான நோயாளிகள் அனுப்பப்படுகின்றன. சிங்கப்பூரில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி விலங்கு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. விலங்குகளிடம் அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒன்று சொல்லவேண்டும்: அன்பு வேண்டும், அதனோடு அறிவியலும் கணிதமும் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் மருந்து என்று கணக்குப் போடும்போது, ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

எங்கள் மாணவிக்கு நாங்கள் எழுதிய பதில் சுருக்கமானது. "அம்மா, அந்தப் பூனையின் மூச்சை எண்ணியது நீ ஊர்க் கிளினிக்கில் கற்ற பாடம். அந்தப் பத்து நிமிடம் நீ புதிய இடத்தில் கற்ற பாடம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓராண்டு இருந்து பார். அதன் பிறகும் மனம் ஒப்பாவிட்டால், தலைநிமிர்ந்து திரும்பிப் போ" என்று எழுதினோம்.

ஓராண்டு கழிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. அண்மையில் வந்த கடிதத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு தாதியைத் தம்மோடு இரவுப் பணியில் வைத்துப் பழக்குவதாக எழுதியிருந்தார். முதல் நாளே அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது இதுதானாம்: "எண் மாறினால் கூப்பிடு. ஒன்றுமில்லை என்று போனாலும் பரவாயில்லை. உன்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் இருக்கிறேன்."

நேயர்களே, கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியாது. ஊர்க் கிளினிக்கில் பெற்ற கண், பெரிய மருத்துவமனையில் பெற்ற ஆழம், நேரத்தில் வாய் திறக்கும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மேல்சிகிச்சைத் தாதி உருவாகிறார். விலங்குக்கு வாய் இல்லை. அதன் பக்கத்தில் இருப்பவர் அதற்காகப் பேசவேண்டும்.